குறிப்பிடம் ஒப்பிக்கச் சொன்ன மகனுக்கு

அந்தோணிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். இப்போது இருக்கிற கோபத்தில் அந்த வார்த்தையை எழுதினால் எனக்கே சிரிப்பு வரும், ஆகவே விட்டுவிட்டேன். நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். "நிச்சயதார்த்தத்தன்று நம் வீட்டுக்கு வரப்போகும் கோமதி, நம் முன்னோர் வழக்கப்படி குறிப்பிடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிப்பாள். அன்று அம்மா செய்ததை இன்று மருமகள் செய்கிறாள். அனைவரும் வருக, வீடியோ எடுக்கப்படும்" என்று எழுதி, கீழே கும்பிடுகிற கைகளை வரிசையாக நட்டு வைத்திருந்தாய். மஸ்கட்டில் இருக்கிற உன் சித்தப்பா மகன் கைதட்டினான். தூத்துக்குடி அத்தை 'ஆமென்' போட்டாள். என்னிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாட்சிக்கு மட்டும் என்னை இழுத்துக்கொண்டாய். ஊரறியப் போட்டதற்கு ஊரறியத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இந்தக் கடிதத்தையும் அதே குழுவில் போடுகிறேன். நீளமாக இருக்கும். பெருவிரலால் தள்ளிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது கோமதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஏரல் பக்கத்தில் ஓர் எருமைக்குக் கன்று குறுக்கே கிடந்து, விடியலில் இருந்து போராடி உயிரோடு எடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறாள். மாட்டு டாக்டர் வேலையில் ஞாயிறு ஏது, திங்கள் ஏது. கை கால் கழுவச் சொல்லி இட்லி வைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீ அனுப்பிய அந்தப் பழைய செபப் புத்தகத்தின் படங்களை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து, கம்பிச் சுருள் போட்டுக் கட்டியிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மஞ்சள் மையால் கோடு போட்டு, ஓரமெல்லாம் கேள்விக்குறி எழுதியிருந்தாள்.

"அத்தை, இஸ்பிரீத்து சாந்துன்னா யாரு? அர்ச்சியசிஷ்டன்னா என்ன? அவுககிட்ட கேட்டா, அர்த்தமெல்லாம் வேண்டாம், மனப்பாடம் பண்ணு போதும்ங்காவ" என்றாள்.

முதலாவது பரிசுத்த ஆவி, இரண்டாவது புனிதர் என்று சொல்லிவிட்டு, "உனக்கு இதைப் படிக்க இஷ்டமாளா?" என்று கேட்டேன்.

"இஷ்டம்னு இல்ல. மதம் மாற வேண்டாம்னு பேசித்தானே ஆரம்பிச்சோம். இப்ப என்னன்னா இது குடும்ப வழக்கம், அம்மாவே செஞ்சாவ, நீ செய்யலைன்னா எங்க ஆளுக முன்னால நான் தலை நிமிர முடியாதுன்னு சொல்லுதாவ. படிச்சிருவேன் அத்தை. மாட்டுக்கு எத்தனை எலும்புன்னு படிச்சவளுக்கு இது ஒரு படிப்பா? ஆனா எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கையில நான் திக்கிட்டேன்னா? எங்கப்பா அங்கன உக்காந்திருப்பாவ அத்தை."

காலையில் ஒரு கன்றுக்குட்டியின் காலைப் பிடித்து இழுத்துப் பிழைக்க வைத்த கை, இட்லியைப் பிய்க்காமல் தட்டில் கிடந்தது. எனக்கு அப்போதே உன் செவிட்டில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. பெங்களூர் எட்டவில்லை.

இது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. திருநெல்வேலி டவுணில் அவர்கள் வீட்டுக்குப் பேசப் போனோமே, அன்று கோமதியின் அப்பா உன்னைப் பார்த்து எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டார்! "தம்பி, ஒண்ணே ஒண்ணு. கல்யாணப் பந்தியில மட்டும் அசைவம் வேண்டாம். எங்க பெரியவுக வந்து உக்காருவாவ. மறுநாள் உங்க வீட்டு விருந்துல நீங்க என்ன வேணும்னாலும் போடுங்க, நானே வந்து பரிமாறுதேன்" என்றார். பத்திரம் எழுதிப் பிழைக்கிற மனிதர், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் பேசினார். நீ அங்கே சிரித்துக்கொண்டே பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தாய். காரில் ஏறியதும் ஸ்டியரிங்கில் குத்தி, "எங்க ஆளுக சாம்பார் குடிக்கவா வாராவ?" என்று கத்தினாய். அப்பா உன்னைப் பைய ஓட்டச் சொன்னார். பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. அடுத்து வந்தது இந்தக் குறிப்பிடம். அவர் உன்னிடம் ஒன்று கேட்டுவிட்டார், பதிலுக்கு அவர் மகளை நிற்கவைத்து நீ ஒன்று வாங்க வேண்டும், இவ்வளவுதானே கணக்கு? மீன்குழம்புக்கு வந்த ரோஷத்துக்கு மந்திரத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் நீதான். சாத்தான் வேதம் ஓதுகிறது என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, எதை எடுத்து ஓங்குகிறாய் என்றாவது தெரியுமா உனக்கு? நீ அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாய் என்றும் தெரியும். யாரோ ஒருவர் பழைய புத்தகங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட, அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்து, 'நம் பாரம்பரியம்' என்று குதித்தாய். குறிப்பிடம் என்றால் சுருக்கம். பெரிய விஷயத்தைச் சுருக்கி, படிக்காதவனும் மனதில் போட்டுக்கொள்ளத் தோதாகக் கேள்வியும் பதிலுமாக, மந்திரங்களோடு சேர்த்து வைத்த சின்னப் புத்தகம். உன் அப்பா ஊர்க் கரையில் உபதேசப் புத்தகத்தையும் செபப் புத்தகத்தையும் யாரும் பிரித்துப் பேசியதில்லை, இரண்டுக்கும் அதுதான் பெயர். கோயிலில் பூசை லத்தீனில் நடந்த காலத்தில், சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு என்ன சொல்கிறார் என்று எவருக்கும் விளங்காது. தமிழில் சர்வேசுரனிடம் வாய்விட்டுப் பேச மக்களிடம் இருந்தது அந்தக் குறிப்பிடம்தான். பிறகு பூசை தமிழில் வந்தது, பூசையே திருப்பலி ஆனது, சர்வேசுரன் கடவுள் ஆனார், மாதாவிடம் சொல்கிற பிரியதத்த மந்திரத்துக்கும் வேறு பெயர் வந்தது, அந்தப் புத்தகத்தையும் செபப் புத்தகம் என்றே சொல்லத் தொடங்கினார்கள். பழைய சொல் கிழவர்கள் வாயில் மட்டும் கொஞ்ச காலம் ஓடியது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. சொற்கள் அப்படித்தான், வரும், போகும். போன சொல்லைத் தோண்டி எடுத்து ஒரு பெண்ணின் கழுத்தில் மாட்டுவதுதான் அசிங்கம்.

அது எப்படி உபயோகப்பட்டது என்றும் கேட்டுக்கொள். தெருவுக்கு ஒரு புத்தகம் இருந்தால் அதிகம். எழுத்துத் தெரிந்த ஒருத்தி வாசிப்பாள், வலைக் கிழிசலைப் பொத்துகிறவளும் மீன் உரசிக் கழுவுகிறவளும் கூடவே சொல்வார்கள். வள்ளம் கடலுக்குப் போய்த் திரும்ப நேரமானால் அதே வரிகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கரையில் நிற்பார்கள். பிரசவ வலிக்கு அது, சாகக் கிடக்கிறவனுக்கு அது. நான் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது ஒரு மத்தியானம், கடற்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். மகன் மருந்து வாங்க வெளியே போயிருந்தான். அவர் என் கையைப் பிடித்து, "குறிப்பிடம் தெரிஞ்சவுக யாராச்சும் இங்கன இருக்காவளாம்மா?" என்று கேட்டார். சாமியார் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நான் ஊசித் தட்டை வைத்துவிட்டு, குனிந்து அவர் காதருகே பாவத்துக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பழைய வார்த்தைகளிலேயே சொன்னேன். அவர் உதடு கூடவே அசைந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மேலப்பாளையத்து பாய் தன் ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார். மந்திரம் முடிந்தபோது பெரியவர் கண்ணை மூடித் தூங்கிப்போனார். சாகவில்லை, அன்று தூங்கத்தான் செய்தார். அந்த வார்த்தைகள் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. மனுசனுக்குப் பயம் வரும்போது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அது. நீ அதை வைத்து ஒருத்தியைப் பயமுறுத்துகிறாய்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒப்பிக்கிற வழக்கம் இருந்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கடலுக்குப் போகிற பையன்கள் உபதேச வகுப்பு நடக்கிற திசைக்கே வரமாட்டார்கள். கல்யாணம் என்றால் வந்துதானே ஆக வேண்டும்? அதனால் கோயிலில் ஓலை வாசிப்பதற்கு முன், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பதற்கு முன், சாமியார் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். பதில் சரியாக வந்தால்தான் ஓலை. உன் அப்பா ஊரில் அதில் ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளையைத்தான் முதலில் கேட்பார்கள். அவன் தேறினால்தான் பெண்ணிடம் கேள்வியே போகும். வீட்டுக்குத் தலைவனாகப் போகிறேன் என்று வருகிறவன் முதலில் தன் பாடத்தைச் சொல்லட்டும் என்பது அவர்கள் நியாயம். நீ போட்ட அறிவிப்பில் அந்தப் பாதி எங்கே போயிற்று? ஊருக்குத்தான் உபதேசமா?

'அம்மா அன்று செய்ததை' என்று எழுதினாயே, அம்மா அன்று என்ன செய்தாள் என்று இப்போது சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் அப்பாவைப் பெற்ற பாட்டி சொன்ன கதை. நான் தச்சநல்லூரில் ஒரு சைவ வீட்டில் பிறந்தவள், என் அப்பாவுக்கு அங்கே அரிசி மொத்தக் கடை, காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் கடையைத் திறக்கமாட்டார், இதெல்லாம் உனக்குத் தெரியும். நான் உன் அப்பாவைத்தான் கட்டுவேன் என்று நின்றதும், ஞானஸ்நானம் வாங்கிக் குறிப்பிடம் ஒப்பித்தால்தான் என்று உன் அப்பா வீட்டில் சொன்னதும் தெரியும். நான் அந்தப் புத்தகத்தை வீட்டில் ஒளித்துவைத்துப் படிக்கவில்லை. கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற இடத்தில் உட்கார்ந்து சத்தமாகவே படித்தேன். ஒரு நாள் அப்பா வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கிழித்து எறியப்போகிறார் என்று நினைத்தேன். "கேள்வியும் பதிலுமால்லா இருக்கு. கேக்கவனுக்குப் பதில் தெரியுமாளா?" என்று கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

ஒப்பிக்கிற நாளன்று நான் தனியாகத்தான் போவதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் என் அப்பா வெள்ளை வேட்டியோடு நிற்கிறார். "ஒத்தையிலயா போவே?" என்றார், முன்னால் ஏறி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். ஏரல் தாண்டி, ஆறு கடலில் விழுகிற அந்தக் கரை வரைக்கும் வந்தார். அங்கே கோயிலை ஒட்டிய சாமியார் பங்களா வராந்தாவில் பெரிய கூட்டம். உன் பாட்டி சொந்தக்காரப் பெண்களையெல்லாம் அழைத்து வந்திருந்தாள். சைவக்காரி எப்படித் திணறுகிறாள் பார்ப்போம் என்று வந்த கூட்டம் அது. அப்பா உட்கார ஒரு பெஞ்சின் ஓரம் கிடைத்தது. நெற்றியில் மூன்று பட்டைத் திருநீற்றோடு அந்தக் கூட்டத்தின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒருத்தி அவர் காதில் விழும்படியே, "மாமா நெத்தியை அழிச்சிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், நெற்றியைத் தொடவில்லை.

சாமியார் வயதானவர், கண்டிப்பானவர். முறைப்படி முதலில் உன் அப்பாவைக் கூப்பிட்டார். தேவதிரவிய அனுமானங்கள், அதாவது திருச்சபையின் பெரிய சடங்குகள், ஏழும் சொல் என்றார். உன் அப்பா விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம். அதோடு நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தலையைச் சொறிந்தார். ஏழாவது வரவில்லை. ஏழாவது என்ன தெரியுமா? மெய்விவாகம். கல்யாணம்! எதற்காக வந்து நிற்கிறாரோ அதையே மறந்துவிட்டார்.

"ஏலே, நீ இங்க என்னத்துக்குலே வந்திருக்க?" என்று சாமியார் கேட்டார்.

உன் அப்பா, "ஓலை போடுததுக்கு சாமி" என்றார்.

"எதுக்குலே ஓலை?"

"எனக்குத்தான் சாமி."

வராந்தா அதிர்ந்தது. சாமியாரே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, இந்த ஞாயிறு ஓலை கிடையாது, படித்துவிட்டு அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டார். அதோடு என்னை விட்டிருக்கலாம், முறைப்படி என்னிடம் கேள்வியே வந்திருக்கக் கூடாது. உன் பாட்டிதான், "அவளையும் கேளுங்க சாமி, அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?" என்று குரல் கொடுத்தாள். கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். மந்திரம், கட்டளை, அனுமானம் எல்லாம், ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. நன்றாகச் சொன்னால் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிய முட்டாள் நான். உன் பாட்டி என் பக்கத்தில் வந்து, "எம்பிள்ளையைச் சபையில தலைகுனிய வச்சிட்டியேட்டி" என்றாள். திணறியிருந்தால் சைவக்காரிக்கு என்ன தெரியும் என்பாள். திணறாததால் மகனை அவமானப்படுத்திய திமிர் பிடித்தவள் ஆனேன். அந்தப் பரீட்சையில் தேற வழியே கிடையாது, அந்தோணி. இப்போது கோமதிக்கு நீ வைத்திருக்கிற பரீட்சையிலும் கிடையாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் பஸ் ஏறுகிறபோது, "ஏளா, நல்லா சொன்ன. ஒரு இடத்துலயும் தட்டல" என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வரும்போது எப்படிச் சொல்வாரோ அதே மாதிரி. சொல்லிவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தன் மகள் இனித் தன் வீட்டுச் சாமிக்குச் சொந்தமில்லை என்பதைக் காதார அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டு, அதையும் நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டியவர் அவர். கல்யாணத்தன்று கோயில் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. நான் விசுவாசத்தோடுதான் வாழ்கிறேன். ஒரு ஞாயிறு பூசையை விட்டதில்லை, அந்த மந்திரங்கள் இன்று என்னுடையவை, எவரும் பிடுங்க முடியாது. ஆனாலும் அந்தப் பெஞ்சை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

அதற்குப் பிறகு உன் பாட்டி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "குறிப்பிடம் வந்துட்டா", "குறிப்பிடத்துகிட்ட கேளு", "குறிப்பிடம் வச்ச குழம்புல உப்பில்ல". நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் கேட்டுத்தான் அது ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டாய். பாட்டி உனக்குச் சோறு ஊட்டினாள், உன்னைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தாள். அந்தப் பாசத்தைக் கெடுப்பானேன் என்று நானும் திருத்தவில்லை. அது ஏச்சு. வீட்டுக்கு வந்தவளை ஒவ்வொரு வேளையும் வராந்தாவில் மறுபடி நிறுத்திவைக்கிற ஏச்சு. அதைத்தான் நீ குழுவில் பூப்போட்டுப் 'பாரம்பரியம்' என்று எழுதினாய்.

நான் எழுதுவதை உன் அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுசன், வாய் திறப்பதே அபூர்வம். மெய்விவாகத்தை மறந்த கதையைக் குழுவில் போடலாமா என்று கேட்டேன். "போடு. இத்தனை வருஷமா எங்கம்மா அதை மூடி மூடி வச்சதுனாலதான் இவன் இப்படி ஆடுதான். நான் திக்கினேன், நீ சொன்ன, ஏச்சும் நீதான் வாங்கின. அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். தூத்துக்குடி அத்தையும் அந்த வராந்தாவில் நின்றவள்தான். இல்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

நேற்று நம் பங்குச் சாமியாரிடமும் போனேன். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. இரண்டு மதத்துக்காரர்கள் கட்டிக்கொள்ள மேலிடத்து அனுமதி வாங்கினால் போதும், அந்தப் பெண் எதையும் ஒப்பிக்க வேண்டாம் என்றார். நீ அனுப்பிய அறிவிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு, "மாப்பிள்ளை கடைசியா எப்பம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணினாரு?" என்று கேட்டார். நீ சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எத்தனை வருஷம் என்று எனக்கே தெரியாது. கோயில் கேட்கவில்லை, சாமியார் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, உன் அப்பா கேட்கவில்லை. கேட்டது, பிரியதத்த மந்திரத்துக்கு இன்றைக்கு என்ன பெயர் என்றால் செல்போனைத் தேடுகிற நீ ஒருத்தன்தான். என் அப்பா கேட்டாரே, கேட்கிறவனுக்குப் பதில் தெரியுமா என்று, அவர் உன்னைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார், நல்லது.

பந்தி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். டவுணுக்குப் போன் பண்ணிக் கோமதியின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கல்யாணம் நடந்தால் பந்தி சைவம்தான், எங்கள் ஆட்கள் சாம்பார் குடித்துச் செத்துவிட மாட்டார்கள் என்று. அவர், "பிள்ளை ரொம்ப மெலிஞ்சி போயிட்டா, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டங்கா" என்றார். அறிவிப்பு அவர் கண்ணில் இன்னும் படவில்லை. அந்த மனிதரை அந்தப் பெஞ்சில் உட்காரவைக்க நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். அந்தக் கூட்டத்துக்கு எதிரே எனக்காக ஒருத்தரும் எழுந்து நிற்கவில்லை. இவளுக்காக நான் நிற்கிறேன். உன் எதிரே நிற்க வேண்டி வந்தது என் தலையெழுத்து.

'கல்யாணம் நடந்தால்' என்று எழுதியது கைதவறி அல்ல. ஞாயிற்றுக்கிழமை கோமதி கிளம்பும்போது அந்த ஜெராக்ஸ் கட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அத்தை, இப்ப இதுக்கே இப்படின்னா நாளைக்குப் பிள்ளைக்குப் பேர் வைக்கையில என்ன செய்வாவ? எங்கப்பா செத்தா நெத்தியில திருநீறு பூச விடுவாவளா? எனக்குப் பயமா இருக்கு. நான் வேண்டாம்னு சொல்லிட்டா, நீங்க எங்கிட்ட பேசுவீங்களா?" உன்னைப் பெற்றவளிடம் அவள் இதைக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார். நான் பேசுவேன் என்று சொன்னேன். உன் மனசு எப்படிச் சொல்கிறதோ அப்படிச் செய், அவன் என் மகன் என்பதற்காக என் முகத்தைப் பார்க்காதே என்றும் சொன்னேன். அவள் அழுதாள், நானும்தான். இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஆகையால் இந்த வாரமே ரயில் ஏறு. குழுவில் போட்டதை முதலில் அழி, அழித்தேன் என்று குழுவிலேயே எழுது. திருநெல்வேலியில் இறங்கி ஜங்ஷனில் ஒரு காபி குடித்துக்கொள், வெறும் வயிற்றில் போகாதே. பாளையங்கோட்டைக்கு வராமல் நேரே அவர்கள் வீட்டுக்குப் போ. நான் கூட வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார். அவள் அப்பா முன்னால் நின்று, நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்பதை உன் சொந்த வார்த்தையில் சொல். யாரும் எழுதிக்கொடுத்ததை அல்ல. திக்கினால் திக்கு. அவள் சரி என்றால் அவளோடு சேர்ந்து இங்கே வாருங்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், ஒரு பேச்சும் பேசாமல் நீ மட்டும் வா. சோறு போடுகிறேன், நீ என் பிள்ளை. ஆனால் அவளிடம் போய் உனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அம்மா